ஆற்றில் எழுத்தாணி விட்டவர் எழுதிய முதல் ஓலை

நீர் நிறைக. நிலம் விளைக. நல்லோர் நெடுநாள் வாழ்க.

நுரையாற்றின் தென்கரைக்கு அணியாகவும், பாக்கும் மிளகும் செழித்த சோலைகளுக்குத் தாயகமாகவும், அடைக்கலம் என்று வந்தவரை முகம் கோணாமல் ஏற்கும் குடிகளுக்கு இருப்பிடமாகவும் விளங்கும் தண்பொழில் நாட்டில், தந்தையார் அரண்மனையில் எழுந்தருளியிருக்கும் செம்பனாட்டுப் பட்டத்தரசியார், மும்மலைக் காவலர் சாத்தப் பெருமானடிகளின் தேவியார், எயினி மாதேவியார் திருமுன்பு, செம்பனாட்டு அரண்மனை அதிகாரிச்சி உமையாள் அடிபணிந்து எழுதும் ஓலை. தங்கள் தந்தையார் பிணி நீங்கி, கைத்தடி ஊன்றித் தோட்டம் வரை நடக்கிறார் என்று கேட்டு இவ்விடத்தில் எல்லோரும் மகிழ்ந்தோம். அந்நாட்டுக் குளங்கள் நிரம்புக. அவ்வரண்மனை விளக்குகள் மங்காதிருக்க.

இதற்கு மேல் இவ்விடத்தில் யாவும் நலம் என்று எழுதுவது முறை. முறைக்காக ஒரு பொய்யை எழுத அடியாளுக்குக் கை வரவில்லை. இங்கே நலம் இல்லை, தேவியார்.

தாங்கள் அனுப்பிய ஓலை வந்து சேர்ந்தது. வருகிற ஆவணித் தேய்பிறையில் இளவரசி மாதினியின் ஆண்டுத் திதி வருகிறது என்றும், அதற்குள் தாங்கள் கேட்ட ஒரே கேள்விக்கு மன்னரிடமிருந்து மறுமொழி வராவிட்டால் மலையடிவாரத்துத் தவப்பள்ளியில் முடி களைந்து நோன்பு ஏற்றுவிடுவதாகவும், செம்பனாட்டு மண்ணை இனி மிதிப்பதில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். கேள்வியையும் மீண்டும் எழுதியிருந்தீர்கள். என் மகள் கடைசியாக என்ன சொன்னாள், என்மேல் கோபத்தோடேதான் போனாளா என்று கேட்டிருந்தீர்கள்.

அந்த ஓலையை மன்னருக்கு யாரும் படித்துக் காட்டவில்லை. அவரே கை நீட்டி வாங்கினார், அவரே நூலை அவிழ்த்தார், அவரே படித்தார். இதை நம்ப மாட்டீர்கள் என்று தெரியும். அடியாளே கண்ணால் பார்த்திராவிட்டால் நம்பியிருக்க மாட்டேன். ஆனால் நடந்தது அதுதான். அது எப்படி நடந்தது என்று சொல்லத்தான் வேலையெல்லாம் போட்டுவிட்டு எழுத உட்கார்ந்திருக்கிறேன். படித்து முடிக்கும்வரை தேவியார் இந்த ஓலையைக் கீழே வைக்கக் கூடாது. இது அடியாளின் வேண்டுதல்.

தாங்கள் இங்கே திரும்பி வந்த அந்த நண்பகல் தங்களுக்கு மறந்திருக்காது. அதற்குமுன், தந்தையார் படுக்கையில் விழுந்தார் என்று சேதி வந்து, தாங்கள் அவசரமாகப் பல்லக்கு ஏறினீர்கள். தன்னையும் கூட்டிப் போகச் சொல்லி அடம்பிடித்த குழந்தை, முடியாது என்றதும் தூணைக் கட்டிக்கொண்டு, இனி உன்னோடு பேசவே மாட்டேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தாங்கள் ஆற்றைக் கடந்ததும் வெள்ளம் வந்தது. இங்கே குழந்தைக்குக் காய்ச்சல் வந்தது. வெள்ளம் வடிந்து தாங்கள் இக்கரை ஏறியபோது, அன்று விடியலில் எல்லாம் முடிந்துவிட்ட சேதி படித்துறையிலேயே தங்களுக்குக் கிடைத்துவிட்டது.

பல்லக்கிலிருந்து இறங்கிய தாங்கள் அழவில்லை. படியில் நின்ற மன்னரின் முகத்தைப் பார்த்து அந்தக் கேள்வியைக் கேட்டீர்கள். குழந்தையோடு கடைசியில் இருந்தவர் அவர் ஒருவர்தான். அமைச்சர்கள் நின்றார்கள், சேடியர் நின்றார்கள், அடியாளும் நின்றேன். மன்னர் வாய் திறந்தார்.

"ஆராய்வோம்," என்றார்.

இப்போது எழுதும்போதுகூட அடியாளுக்கு ஆறவில்லை. பெற்ற மகளைப் பறிகொடுத்தவள் வந்து கேட்கிறாள், வரி குறைக்கச் சொல்லி வந்த ஊராரிடம் சொல்வதுபோல இந்த மனிதர் ஆராய்வோம் என்கிறார். தாங்கள் அவரை ஒரு பார்வை பார்த்தீர்கள். பிறகு உள்ளே போனீர்கள். சடங்குகள் முடிந்ததும் ஆற்றைக் கடந்து போய்விட்டீர்கள். போனபின்னும் கேட்டு எழுதினீர்கள். அதற்கு மன்னருக்காக எழுதும் எங்கள் ஓலைநாயகம் தமக்குப் பழக்கமான இரங்கல் வாசகத்தையே எடுத்து எழுதி, முத்திரை வைத்து அனுப்பிவிட்டார். பட்டத்து யானை இறந்தபோது பாகனுக்குப் போன ஓலையிலும் எழுத்துக்கு எழுத்து இதே வாசகம்தான் என்று தாங்கள் திருப்பி எழுதினீர்கள். அந்த வரியைக் கேட்டு அரண்மனையே தலைகுனிந்தது. ஓலைநாயகத்துக்கு அன்று அடியாள் செய்த அர்ச்சனையை இங்கே எழுதினால் ஓலை தாங்காது.

மன்னரைக் கல்நெஞ்சர் என்று தாங்கள் முடிவு கட்டினீர்கள். அடியாளும் அப்படித்தான் நினைத்தேன். நாம் இருவரும் நினைத்தது தவறு, தேவியார். அவருக்கு நெஞ்சு இருந்தது. அதில் இருப்பதை எடுத்து வெளியே வைக்கச் சொல்தான் இல்லை.

செம்பனாட்டின் ஒரு வழக்கத்தைத் தாங்கள் பிற நாட்டில் பிறந்தவர் என்பதால் கேள்விப்பட்டிருப்பீர்கள், பார்த்திருக்க மாட்டீர்கள். இங்கே பட்டத்துக்கு உரிய பிள்ளை ஐந்து வயதில் எழுத்து கற்பான். இளவரசுப் பட்டம் கட்டும் நாளில் அவன் எழுத்தாணியைப் பூவும் பொட்டும் வைத்துத் தட்டில் ஏந்தி, முரசு முழங்க ஆற்றுக்குக் கொண்டுபோய், அவன் கையாலேயே வெள்ளத்தில் விடச் செய்வார்கள். அன்று முதல் அவன் எழுதக் கூடாது, ஓலையைக் கையால் தொட்டுப் படிக்கவும் கூடாது. அவனுக்காகப் படிக்க ஒருவர், அவனுக்காக எழுத ஒருவர். அரசன் கை எழுத்தாணி பிடித்தால் ஆற்றில் நீர் வற்றும் என்று முன்னோர் சொன்னதாக மன்றத்துப் பெரியவர்கள் சொல்வார்கள். எந்த முன்னோர் என்று கேட்டால் அவர்களுக்கும் தெரியாது.

சாத்தப் பெருமானடிகள் எழுத்தாணியை விட்ட நாளில் அடியாள் கரையில் நின்றேன். அப்போது அரண்மனைக்கு வந்த புதிது. கண்ணில் பட்டதையெல்லாம் எழுதிப் பார்க்கும் பிள்ளை அவர். தோட்டத்து அணில் என்ன செய்தது, சமையற்கட்டில் யார் யாரோடு சண்டை போட்டார்கள் என்பதெல்லாம் அவர் ஓலையில் இருக்கும். படித்துக் காட்டினால் நாங்கள் வயிறு வலிக்கச் சிரிப்போம். அன்று தட்டில் இருந்த எழுத்தாணியை எடுக்காமல் அவர் நெடுநேரம் நின்றார். தந்தையார் கனைத்தார். பிள்ளை அதை நீரில் விட்டார். அதன்பின் அணிலைப் பற்றி அவர் யாரிடமும் பேசிக் கேட்டதில்லை.

பிறகு எழுதி வந்ததெல்லாம் ஓலைச்சாலையில் எழுத்தர்கள் அரைத்துச் சாறு பிழிந்துதான் அவர் காதுக்கு வந்தது. ஒருத்தி தன் துயரத்தை ஓலை நிறைய எழுதி அனுப்பினால், உதவி கேட்கிறாள் என்ற ஒரு வரி அவருக்குப் போகும். அவரும் ஒரு சொல் சொல்வார். ஆராய்வோம், ஆகட்டும், ஆவன செய்வோம். நாளாக ஆக அந்தச் சொற்களைத் தவிர மற்றவை அவர் நாக்கைவிட்டுக் கிளம்பிப் போய்விட்டன. பயன்படுத்தாத கிணறு தூர்ந்துபோவதில்லையா, அப்படித்தான். திருமணமான புதிதில் நான் உடுத்திய பட்டு நன்றாக இருக்கிறதா என்று தாங்கள் கேட்டதற்கு அவர் ஆவன செய்வோம் என்று சொன்னதை நினைத்து நாம் இருவரும் எத்தனை முறை சிரித்திருக்கிறோம். சிரித்திருக்கக் கூடாது என்று இப்போது தோன்றுகிறது.

தாங்கள் போனபின் மன்னர் குழந்தையின் அறையில் போய் உட்காரத் தொடங்கினார். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் ஆகட்டும் என்பார், வரமாட்டார். அங்கே மாதினி எழுதிப் பழகிய சுவடி ஒன்று மரப்பெட்டியில் இருந்தது. ஒருநாள் அதை அடியாளிடம் நீட்டிப் படிக்கச் சொன்னார். அடியாளுக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. உங்கள் மகள் எழுதியதை ஊரான் மகள் படித்துச் சொல்லித்தான் நீங்கள் கேட்க வேண்டுமா, கண் இருக்கிறதல்லவா, நீங்களே படியுங்கள் என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டு, தலை தப்பினால் போதும் என்று நின்றேன். அவர் கோபிக்கவில்லை. சுவடியைப் பிரித்தார். ஓலையை விளிம்பில் பிடிக்கவே அவருக்குத் தெரியவில்லை. விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகத் தடவினார். அரைநாள் கழித்து அடியாளைக் கூப்பிட்டு, பூனை என்று எழுதியிருக்கிறாள் என்றார். அவ்வளவுதான் அவரால் படிக்க முடிந்தது.

மறுநாளும் படித்தார். அதற்கு மறுநாளும். பெட்டியின் அடியில் குழந்தைக் கைக்கு அளவாக அடித்த சின்ன எழுத்தாணி இருந்தது. அதை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். கைக்கு அது போதவில்லை, முனை மட்டும்தான் வெளியே தெரிந்தது. அதை வைத்து எழுதினார்.

மன்றத்துப் பெரியவர்களுக்கு விஷயம் போய்விட்டது. கூட்டமாக வந்தார்கள். ஆறு வற்றும், குடி கெடும், அரசர் கை எழுத்தாணி தொடலாகாது என்று ஆளுக்கு ஒரு பாட்டம் முழங்கினார்கள். மன்னர் முழுவதையும் கேட்டுக்கொண்டு, ஆராய்வோம் என்றார். அவர்கள் மனம் நிறைந்து போனார்கள். அவர் எழுதுவதை நிறுத்தவில்லை. அந்தப் பாழாய்ப்போன சொல் ஒரே ஒரு நாள் நல்லது செய்தது.

தினம் காலையில் நீராடியதும் ஓர் ஓலை படிப்பது, ஓர் ஓலை எழுதுவது என்று வைத்துக்கொண்டார். எது வந்தாலும் இதை விடமாட்டார். அழுத்தி எழுதுவார், ஓலை கிழியும். மெல்ல எழுதுவார், எழுத்து தெரியக் கரி பூசினாலும் ஒன்றும் தெரியாது. விரலெல்லாம் கரி, அங்கவஸ்திரமெல்லாம் கரி. துவைப்பவள் அடியாளிடம் வந்து முறையிட்டாள். எழுதியது என்னவென்று பார்த்தால், மழை பெய்தது என்று இருக்கும். அடுத்த நாள், மழை பெய்தது, மாதினி இருந்தால் நனைந்திருப்பாள் என்று இருக்கும். அடியாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு வெளியே வந்துவிடுவேன்.

சுவடி தீர்ந்ததும் ஓலைச்சாலையிலிருந்து குடிகளின் விண்ணப்பங்களை அப்படியே கொண்டுவரச் சொன்னார். பிழிந்த சாறு வேண்டாம், வந்த ஓலையே வேண்டும் என்றார். உப்பளத்துப் பெண் ஒருத்தி, பெயர் வடுகி, கணவன் கடலுக்குப் போய்த் திரும்பாதவள், எழுதியிருந்தாள். உதவி கேட்கிறாள் என்றுதான் முன்பு அவருக்குச் சொல்லியிருந்தார்கள். ஓலையில் அவள் எழுதியிருந்தது வேறு. போன அன்று கஞ்சியில் உப்பில்லை என்று அவர் சொன்னார், உப்பளத்தில் நிற்பவளிடம் உப்பைப் பற்றிப் பேசுகிறாயா என்று நான் சண்டை போட்டேன், இப்போது உப்பை அள்ளும்போதெல்லாம் கை நின்றுபோகிறது, வேலை ஓடவில்லை, அதனால்தான் கேட்கிறேன் என்று எழுதியிருந்தாள். மன்னர் அதைப் படித்துவிட்டு அழுதார். மகள் இறந்த அன்று அழாதவர், ஒரு முன்பின் தெரியாத பெண்ணின் ஓலையைக் கையில் வைத்துக்கொண்டு, தோள் குலுங்க அழுதார். இப்படியும் சொல்லலாமா என்று அடியாளிடம் கேட்டார். இவ்வளவு எளிதாகவா என்று கேட்டார்.

அவளுக்கு மறுமொழியைத் தம் சொல்லில் சொல்லி எழுதவைத்தார். அவள் நேரில் வந்தபோது அவளை உட்காரவைத்து, உன் கணவர் பெயர் என்ன, எப்படிச் சிரிப்பார் என்று விசாரித்தார். அமைச்சர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு மதகுத் தகராறில் இரண்டு ஊரார் வந்தார்கள். ஆண்டுதோறும் வருபவர்கள்தான். ஆண்டுதோறும் ஆராய்வோம் என்ற சொல்லை வாங்கிக்கொண்டு போய், வழியிலேயே தடியை எடுப்பவர்கள். இந்த முறை மன்னர் மேலூரார் சொன்னதைத் தம் வாயால் கீழூராருக்குச் சொன்னார், கீழூரார் சொன்னதை மேலூராருக்குச் சொன்னார், நான் சொன்னது சரிதானா, எதையாவது விட்டேனா என்று கேட்டார். நீங்கள் எங்களைவிட நன்றாகச் சொல்லிவிட்டீர்கள் என்று ஒரு கிழவர் ஒத்துக்கொண்டார். ஒரே ஓடத்தில் ஊர் திரும்பினார்களாம்.

தினம் நாலு பேர் எழுதியதைப் படிப்பதும், தானும் நாலு வரி எழுதிப் பார்ப்பதும் ஒரு மனிதரை இப்படி மாற்றும் என்று அடியாள் கனவிலும் நினைத்ததில்லை. படிக்கப் படிக்க அவருக்கு மற்றவர்கள் சொல்வது காதில் விழுந்தது. எழுத எழுதத் தான் சொல்ல வருவது என்ன என்று அவருக்கே தெரிந்தது. இதில் மாயம் ஒன்றும் இல்லை, விடாத பழக்கம்தான்.

பிறகு தங்கள் ஓலைகளைத் தேடினார். மணமான புதிதில், பிரசவத்துக்குப் போனபோது, தாங்கள் தாய்வீட்டிலிருந்து அவருக்கு எழுதிய ஓலைகள். அவையெல்லாம் ஓலைச்சாலையில் கட்டாகக் கிடந்தன. தேவியார் நலம், விரைவில் திரும்புவார் என்றுதான் அப்போது அவருக்குப் படித்துச் சொல்லியிருந்தார்கள். தாங்கள் எழுதியிருந்ததோ பலாமரத்தில் ஏறி விழுந்த கதை, வயிற்றுப் பிள்ளை உதைத்த கதை, உங்கள் குரலைக் கேட்காமல் இருக்க முடியவில்லை என்ற வரி. எல்லாவற்றையும் ஒரே இருப்பில் படித்தார். இதையெல்லாம் எனக்கா எழுதினாள், நான் ஒன்றுக்கும் பதில் சொல்லவில்லையே உமையாள் என்றார்.

இவ்வளவு வந்தும் தங்கள் கேள்விக்கு மட்டும் அவர் விடை எழுதவில்லை. தினம் ஓர் ஓலையை எடுத்து, மாதினி என்று தொடங்குவார். அங்கேயே நிற்பார். ஓலையை மடக்கிப் போட்டுவிடுவார். அடியாளுக்குப் பொறுமை போய்விட்டது. உப்பளத்துக்காரிக்குப் பேசத் தெரிகிறது, மதகுக்காரர்களுக்குப் பேசத் தெரிகிறது, கட்டிய மனைவிக்கு ஒரு வரி எழுதக் கை வரவில்லையா, அப்படிக் கை வராவிட்டால் என்னிடம் சொல்லுங்கள், நான் எழுதித் தொலைக்கிறேன் என்றேன். அவர் வேண்டாம் என்று தலையை அசைத்தார். மாதினி என்னை எழுதச் சொன்னாள் என்றார். அப்போதுதான் அன்று விடியலில் நடந்தது அடியாளுக்குத் தெரிந்தது.

காய்ச்சல் கொஞ்சம் தணிந்து குழந்தை கண் விழித்திருக்கிறாள். ஓலையும் எழுத்தாணியும் கேட்டிருக்கிறாள். கையில் பிடிக்கப் பலம் இல்லை. எழுத்தாணியைத் தந்தையின் உள்ளங்கையில் வைத்து, அவர் விரல்களை மூடியிருக்கிறாள்.

"அப்பா, நான் சொல்றேன், நீங்க எழுதுங்க. அம்மாவுக்கு."

கையில் எழுத்தாணி இருந்தது. ஆற்றங்கரை முரசு அவர் காதில் கேட்டதாம். முதல் எழுத்தை எப்படி வளைப்பது என்று நினைவுக்கு வரவில்லையாம். ஓலைநாயகத்தை அழைக்கிறேன் என்றார். அவர் வேண்டாம், நீங்களே எழுதுங்கள் என்று குழந்தை சொன்னாள். மன்னர் கேட்கவில்லை. வாசலில் நின்ற காவலனை விரட்டி, ஓலைநாயகத்தை இழுத்து வரச் சொன்னார். ஓலைநாயகம் ஆற்றில் நீராடிக்கொண்டிருந்தார். குழந்தை காத்திருக்கவில்லை. சொல்ல வேண்டியதைத் தந்தையிடம் சொல்லி முடித்தாள். ஈர வேட்டியோடு ஓலைநாயகம் ஓடி வந்தபோது எழுதச் சொல்ல யாரும் இல்லை.

என்ன சொன்னாள் என்று அடியாள் கேட்டேன். தங்களிடம் சொல்லும்வரை வேறு யாரிடமும் சொல்லமாட்டேன் என்றார். படியில் நின்று தாங்கள் கேட்டபோது அந்தச் சொற்கள்தான் தொண்டைவரை வந்து நின்றன, அவற்றை வெளியே எடுக்கத் தெரியாமல் பழக்கமான சொல் முந்திக்கொண்டு வந்துவிட்டது என்றார். சொன்னபின் அதைத் திரும்ப விழுங்க முடியவில்லை என்றார். தேவியார், அன்று அந்த முகத்தில் அடியாள் பார்த்ததைத் தாங்கள் பார்த்திருந்தால், அவரை மன்னிக்காவிட்டாலும் வெறுத்திருக்க மாட்டீர்கள்.

தங்கள் கடைசி ஓலை வந்த காலையில் மன்னர் அதைப் படித்தார், மடித்தார், ஒரு புது ஓலை நறுக்கை எடுத்தார். இந்தமுறை நிறுத்தவில்லை. நெற்றி வியர்க்க எழுதினார். எழுதி முடித்து, கரி பூசித் துடைத்து, அடியாளிடம் கொடுத்தார். அதை அடியாள் படிக்கவில்லை. இந்த ஓலைக்குள் செருகி, அதே நூலால் கட்டியிருக்கிறேன். எழுத்து கோணல் என்று தாங்கள் சிரிக்கலாம். சில இடங்களில் புள்ளி இருக்காது, ஓலை கிழியும் என்று பயந்து விட்டிருப்பார்.

இனிப் பெருமானடிகள் திருவாய் மலர்ந்தருளியபடி அடியாள் எழுதுவது. செம்பனாட்டில் இனிப் பட்டத்துக்கு வரும் எந்தப் பிள்ளையின் கையிலிருந்தும் எழுத்தாணி பறிக்கப்படலாகாது, ஆற்றில் விடும் சடங்கு இன்றோடு ஒழிந்தது. குடிகளின் விண்ணப்பம் எதுவும் சுருக்கப்படாமல், எழுதியவர் சொல்லிலேயே அரசர் கைக்கு வர வேண்டும். நாட்டை ஆள்பவர் நாள்தோறும் ஓர் ஓலை படித்து ஓர் ஓலை எழுதிய பின்னரே அரியணையில் அமர வேண்டும். இரங்கலுக்கு வகுத்த வாசகங்கள் யாவும் ஓலைச்சாலையிலிருந்து எடுத்து எரிக்கப்பட்டன. நுரையாற்றுத் தென்கரைத் துறையில் அரச ஓடம் ஒன்று வேறெவர்க்கும் செல்லாமல், தண்பொழில் நாட்டிலிருந்து வரும் ஒருவர்க்காகக் காத்து நிற்கும். இவை யாவும் மலையும் ஆறும் உள்ளளவும் நிற்கக் கடவன. இவற்றுக்கு மும்மலை முத்திரை இடப்பட்டது.

ஆற்றில் நீர் வற்றவில்லை என்பதையும் தெரிவித்துக்கொள்கிறேன். இந்த ஆண்டு கரை நிறைய ஓடுகிறது.

இன்னொன்று. எழுதியவர் ஓலையின் கடைசியில் இவை என் எழுத்து என்று எழுதி முடிப்பது நம் இரு நாட்டுக்கும் பொதுவான வழக்கம். அந்த வரியை எழுதும் உரிமை செம்பனாட்டில் இதுவரை எந்த அரசருக்கும் இருந்ததில்லை. தேவியார் அதை மனத்தில் வைத்துக்கொண்டு உள்ளே இருக்கும் நறுக்கைப் பிரிக்க வேண்டும்.

தங்கள் அடி தொழும் அடியாள் முடித்தேன். இவை அதிகாரிச்சி உமையாள் எழுத்து.

*

எயினி அறிய.

அழுத்தினால் ஓலை கிழிகிறது. அதனால் கொஞ்சமாக எழுதுகிறேன்.

உன் ஓலைகளைப் படித்தேன். பலாமரத்துக் கதையையும் படித்தேன். அப்போதே படித்திருக்க வேண்டும்.

மாதினி உனக்கு எழுதச் சொன்னதை அவள் சொன்னபடியே எழுதுகிறேன்.

"அம்மா, கோபமெல்லாம் போயிடுச்சு. வரும்போது எனக்கு ஒண்ணும் கொண்டு வர வேணாம். நான் தூங்கிட்டிருந்தா எழுப்பு. தூங்கறாளேன்னு பேசாம போயிடாதே."

சொல்லிவிட்டு, எழுதிட்டீங்களா அப்பா என்று கேட்டாள். ஆயிற்று என்றேன். என் கையில் எழுத்தாணி இருந்தது, ஓலையில் ஒன்றும் இல்லை. அவள் என்னை நம்பிக் கண்ணை மூடினாள். அன்று சொன்ன பொய்யை இன்று எழுதித் தீர்க்கிறேன்.

நீ வந்த அன்று பல்லக்குச் சுமப்பவர்கள் குரல் தெருமுனையில் கேட்டது. நான் அவள் பக்கத்தில்தான் இருந்தேன். தோளைத் தொட்டு, அம்மா வந்துவிட்டாள், எழுந்திரு என்றேன். மறுபடியும் சொன்னேன். இன்னும் கொஞ்சம் உரக்கச் சொன்னேன். அதற்குப் பிறகுதான் படிக்கு வந்தேன். நீ கேட்டாய்.

உன்னை வா என்று எழுத எனக்கு உரிமை இல்லை. ஓடம் நிற்கிறது.

இவை என் எழுத்து.